மதிலுக்கு வெளியே

பிரான்சு நாட்டின் வடபகுதியில் நார்மண்டி என்னும் நிலப்பரப்பு உள்ளது. அங்கே சென் ஆறு வளைந்து திரும்பும் ஓரிடத்தில், ஆற்று மட்டத்திலிருந்து ஏறத்தாழ 90 மீட்டர் உயரத்தில், சுண்ணப்பாறைக் குன்றின்மேல் சிதைந்த கோட்டை ஒன்று நிற்கிறது. அதன் பெயர் ஷாத்தோ கையார். 'துணிவுமிக்க கோட்டை' என்பது அப்பெயரின் பொருள். குன்றின் அடிவாரத்தில் ஆந்தெலி என்னும் ஊர் உள்ளது.

கோட்டை எழுந்த காரணம்

12ஆம் நூற்றாண்டில் நார்மண்டி இங்கிலாந்து மன்னரின் ஆட்சியில் இருந்தது. அதனைக் கைப்பற்றப் பிரான்சு மன்னர் இரண்டாம் பிலிப் முயன்றார். சென் ஆற்றின் வழியே சென்றால் நார்மண்டியின் தலைநகராகிய ரூவானை அடையலாம். அவ்வழியைக் காப்பதற்காக, 'அரிமா நெஞ்சர்' எனப் புகழப்பட்ட இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டு 1196இல் இக்கோட்டையைக் கட்டத் தொடங்கினார். இத்தகைய பெருங்கோட்டைகளைக் கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆன அக்காலத்தில், இது இரண்டே ஆண்டுகளில் நிறைவுற்றது.

அமைப்பு

முன்கோட்டை, நடுக்கோட்டை, உட்கோட்டை என இது மூன்று பகுதிகளை உடையது. முன்கோட்டையை வீழ்த்தினாலும், ஆழமான அகழியைக் கடந்தே பகைவர் நடுக்கோட்டையை அடைய முடியும். உட்கோட்டையின் மதிலோ நேராக அமையாமல், அரைவட்டங்களை அடுத்தடுத்து வைத்தாற்போல வளைந்து வளைந்து செல்கிறது. வளைந்த பரப்பின்மேல் எறியப்படும் கல் விலகித் தெறிக்கும் என்பதே அதன் நோக்கம்.

முற்றுகை

1199இல் ரிச்சர்டு இறந்தார். அவர் தம்பி ஜான் அரியணை ஏறினார். 1203இல் பிலிப்பின் படை கோட்டையைச் சூழ்ந்தது. ஜான் அனுப்பிய உதவிப் படை தோற்றுத் திரும்பியது. ஆந்தெலி மக்கள் அஞ்சி ஓடிக் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தனர். அவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். முதியோரும் பெண்டிரும் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர்.

கோட்டைத் தலைவர் ரோஜர் தெ லேசி, சேமித்த உணவு வீரர்களுக்கே நெடுநாள் போதாது என்று கணக்கிட்டார். ஆகவே, ஊர் மக்களைப் பகுதி பகுதியாக வெளியேற்றினார். முதலில் வந்தவர்களைப் பிரெஞ்சுப் படையினர் போகவிட்டனர். இதனை அறிந்த பிலிப், இனி ஒருவரையும் விடலாகாது என ஆணையிட்டார். அதன்பின் வெளியேற்றப்பட்ட சில நூறு பேர் முன்னே செல்ல இயலாமல் திரும்பி ஓடிவந்தனர். அதற்குள் கோட்டைக் கதவும் மூடப்பட்டுவிட்டது.

மதிலுக்கும் பகைவர் படைக்கும் இடையே, குளிர்காலத்தில், கூரையின்றி அவர்கள் கிடந்தனர். புல்லையும் பூண்டையும் தின்றனர். பலர் பசியாலும் குளிராலும் மாண்டனர். நெடுநாள் கழித்தே பிலிப் மனமிரங்கி, எஞ்சியோருக்கு உணவளித்துச் செல்லவிட்டார். இச்செய்தியைப் பிலிப்பின் அவையைச் சேர்ந்த சமயகுரு வில்லியம் என்பவரே எழுதி வைத்துள்ளார்.

வீழ்ச்சி

மக்களை வெளியேற்றியும் கோட்டை நிலைக்கவில்லை. பிரெஞ்சு வீரர்கள் முன்கோட்டையின் அடியில் சுரங்கம் தோண்டி அதன் சுவரைச் சரித்தனர். ஜான் புதிதாக எழுப்பிய கட்டடம் ஒன்றின் சாளரத்தின் வழியே நடுக்கோட்டைக்குள் ஏறினர். உட்கோட்டை வாயிலின் முன்பு, பாறையிலேயே குடைந்து அமைத்த பாலம் ஒன்று இருந்தது. காவலுக்காக அமைத்த அப்பாலமே, சுவரின் அடியைத் தோண்டிய பகைவருக்கு மறைவிடம் ஆயிற்று. 1204 மார்ச் 6 அன்று கோட்டை வீழ்ந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ரூவானும் பணிந்தது.

1599இல் மன்னர் நான்காம் ஹென்றி இக்கோட்டையை இடிக்க ஆணையிட்டார். எஞ்சிய பகுதி 1862 முதல் வரலாற்றுச் சின்னமாகக் காக்கப்படுகிறது. இன்று அங்குச் செல்வோர் வளைந்த மதிலைக் கண்டு வியப்பர். அம்மதிலுக்கு வெளியே வாடிய மக்களுக்கு வரலாற்றில் பெயர் இல்லை. ஒரு கோட்டை எவ்வளவு வலியது என்று கேட்கும்போது, அது யாரைக் காத்தது என்றும் நாம் கேட்க வேண்டும்.

பயிற்சி

1. ரிச்சர்டு இக்கோட்டையைக் கட்டியது ஏன்?
2. உட்கோட்டையின் மதில் வளைவாக அமைந்ததன் நோக்கம் யாது?
3. ஊர் மக்களின் துயருக்குப் பொறுப்பு ரோஜரா, பிலிப்பா, இருவருமா? உம் கருத்தைக் காரணத்துடன் பத்து வரிகளில் எழுதுக.