பிச்சாவரத்தின் வாய்க்கால் காவல்

கடலூர் மாவட்டம் ஆறுகளின் கடைமடையில் அமைந்த நிலப்பகுதி. திருவந்திபுரத்தைத் தொட்டுச் செல்லும் கெடிலம் கடலூரிலும், வெள்ளாறு பரங்கிப்பேட்டையிலும், கொள்ளிடம் மாவட்டத்தின் தென்னெல்லையிலும் வங்கக் கடலை அடைகின்றன. வெள்ளாறு, கொள்ளிடம் ஆகிய இரண்டின் கழிமுகங்களுக்கு நடுவே, ஆற்று நீரும் கடல்நீரும் கலக்கும் சேற்று நிலத்தில் வளர்ந்து நிற்பதே பிச்சாவரம் அலையாத்திக் காடு. உப்பையும் நாள்தோறும் ஏறி இறங்கும் நீரையும் தாங்கி வளரும் மரங்களைக் கொண்ட இத்தகைய காட்டைச் சதுப்புநிலக் காடு என்றும் கண்டல் காடு என்றும் கூறுவர். சுரபுன்னையும் வெண்கண்டலும் மிகுந்த இக்காட்டில், பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு செய்யும் தில்லை மரமும் வளர்கிறது. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பழம்பெயரைத் தந்தது இம்மரமே என்பதை நோக்கும்போது, இக்காடு ஒரு காலத்தில் எவ்வளவு தொலைவு உள்நாட்டில் பரவியிருந்திருக்கும் என்ற எண்ணம் எழாமல் இராது.

2022ஆம் ஆண்டு, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் பிச்சாவரம் சேர்க்கப்பட்டது. எனினும் சட்டத்தின் கண்ணில் இது தேசியப் பூங்காவும் அன்று, புலிகள் காப்பகமும் அன்று, காப்புக்காடு மட்டுமே. காப்புக்காடு என்பது வனச்சட்டத்தின்படி அரசு எல்லை வகுத்து, மரம் வெட்டுதல், மேய்த்தல் போன்றவற்றைத் தடைசெய்த நிலமாகும். முதுமலை, ஆனைமலை போன்ற புலிகள் காப்பகங்களுக்கு நடுவணரசின் திட்ட நிதியும் தனி அறக்கட்டளையும் உண்டு. காப்புக்காட்டுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. ஒரு காட்டின் தகுதிப் பெயர், அதைக் காப்பவருக்குக் கிடைக்கும் படகின் தரத்தையும் குடியிருப்பின் தரத்தையும் தீர்மானிக்கும் நிலை வருந்தத்தக்கது.

வனத்துறையில் ஒரு சரகத்தின் தலைமைப் பொறுப்பு வனச்சரக அலுவலருடையது. அவருக்குக் கீழே வனவர், வனக்காப்பாளர், வனக்காவலர் என்று பணியாளர் வரிசை இறங்குகிறது. இவர்களுக்கும் கீழே, தமிழகத்தின் பல காடுகளில் தொகுப்பூதியத்தில், அதாவது படிகளும் ஓய்வூதிய உரிமையும் இல்லாத ஒரே தொகையான ஊதியத்தில், வேட்டைத் தடுப்புக் காவலர்கள் பணியாற்றுகின்றனர். பெரும்பாலும் பழங்குடியினரான இவர்களே காட்டின் தடங்களை நன்கு அறிந்தவர்கள். பணி நிரந்தரம் என்பது இவர்களுடைய நெடுங்காலக் கோரிக்கை. உலகில் காவலர் பணியின் ஆபத்துக்குக் கொடிய சான்றாக நிற்பது காங்கோ ஜனநாயகக் குடியரசின் விருங்கா தேசியப் பூங்கா. 1925இல் அமைக்கப்பட்டு, 1994 முதல் யுனெஸ்கோவின் ஆபத்திலுள்ள மரபுச் சின்னங்களின் பட்டியலில் இருக்கும் அப்பூங்காவில், ஆயுதக் குழுக்களின் தாக்குதல்களில் 200க்கும் மேற்பட்ட காவலர்கள் உயிரிழந்துள்ளனர். பிச்சாவரத்தின் ஆபத்து அவ்வாறு துப்பாக்கி ஏந்தி வருவதில்லை. அது உப்பாகவும் வண்டலாகவும் மெல்ல வருகிறது. இங்குள்ள காவலைப் புரிந்துகொள்ள, இக்காடு எவ்வாறு நலிந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் தொடங்கி 1970கள் வரை, இக்காடு கூப்பு முறையில் வெட்டப்பட்டது. காட்டைப் பகுதிகளாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒன்றாக, ஒரு பகுதியின் மரங்களை முழுவதும் வெட்டி விறகுக்கு விற்பதே கூப்பு. மலைக்காட்டில் வெட்டிய இடம் காலப்போக்கில் தழைக்கக்கூடும். சேற்று நிலத்திலோ, மரநிழல் நீங்கியதும் வெயிலில் ஈரம் வற்றி மண் தாழ்ந்து, நிலம் தொட்டிபோல் குழிந்துவிட்டது. ஏற்றத்தின்போது, அதாவது கடல்நீர் உயர்ந்து உட்புகும் வேளையில் அக்குழிகளில் நிறைந்த நீர், வற்றத்தின்போது வெளியேற வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பை விட்டுச் சென்றது; உப்பு மிகுந்த அந்த மண்ணில் விழுந்த விதைகள் முளைக்கவில்லை. மேற்கே ஆறுகளின் குறுக்கே எழுந்த அணைகளாலும் நீர்த்தேக்கங்களாலும் கழிமுகத்திற்கு வரும் நன்னீர் குறைந்தது இக்கேட்டை மேலும் பெருக்கியது. விறகுக்கு வெட்டிய ஊராரும் மாடு மேய்த்தவர்களுமே காட்டை அழித்தனர் என்று நெடுநாள் நம்பப்பட்டதால், காவல் என்றால் ஊராரை உள்ளே விடாமல் தடுப்பது என்றே பொருள் கொள்ளப்பட்டது.

1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து மேற்கொண்ட பணி காவலின் இந்தப் பொருளை மாற்றியது. குழிந்த நிலத்தின் நடுவே ஒரு பெருவாய்க்காலை வெட்டி, அதன் இருபுறமும் மீன்முள் போலச் சாய்வாகக் கிளை வாய்க்கால்களை அமைத்து, இவை அனைத்தையும் அருகிலுள்ள ஓடையோடு இணைத்தனர்; நீர் தேங்காமல் ஏற்றத்தில் புகுந்து வற்றத்தில் வெளியேறத் தொடங்கியதும் உப்பின் செறிவு குறைந்து, வாய்க்கால் கரைகளில் நட்ட வெண்கண்டல் கன்றுகள் வேர்பிடித்தன. இவ்வாறு மீண்ட காடு, வாய்க்கால் திறந்திருக்கும் வரை மட்டுமே நிலைக்கும். ஒவ்வொரு ஏற்றமும் வண்டலைக் கொண்டுவந்து படியச் செய்வதால், அவ்வப்போது இடுப்பளவு சேற்றில் இறங்கித் தூர்வாராவிட்டால் சில ஆண்டுகளில் வாய்க்கால் மூடி, பழைய உப்புக் குழியே மிஞ்சும். இங்கே மண்வெட்டியும் காவற்கருவிதான். கன்று நடும் விழாக்களுக்கு எளிதில் கிடைக்கும் பணமும் கவனமும் தூர்வாரும் கூலிக்கும் கிடைப்பது இதனாலேயே இன்றியமையாததாகிறது.

இப்பணிக்கு ஏற்றவர்கள் காட்டின் ஓரத்திலேயே வாழ்கின்றனர். பிச்சாவரத்தைச் சுற்றியுள்ள இருளர்கள், வலையோ படகோ இன்றி, ஓடைகளில் கழுத்தளவு நீரில் அமர்ந்து கையால் தடவி இறாலும் மீனும் பிடிப்பவர்கள். எந்த ஓடை எப்போது வற்றும், எங்கே வண்டல் ஏறியுள்ளது என்பதை அவர்களுடைய கைகள் அறியும். இவர்களை முறையான ஊதியத்தோடு காவற்பணியில் இணைப்பது உதவி என்ற பெயருக்கு உரியதன்று. உள்ள அறிவுக்கு உரிய விலையைத் தருவதே ஆகும்.

இக்காட்டின் கரைப்பக்கம் காவலர்களுக்கு வேறொரு வேலையும் உண்டு. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கடலூர்க் கடற்கரைக்கு வருகின்றன. நாய்க்கும் நரிக்கும் முன்னதாக முட்டைகளைக் கண்டெடுக்க வனப்பணியாளரும் தன்னார்வலரும் விடியலுக்கு முன்பே மணலில் நடந்து தடம் பார்க்கின்றனர். பொரிப்பகத்தில் புதைத்த முட்டைகள் பொரிய ஏறத்தாழ ஒன்றரை மாதம் ஆகும். அதுவரை அவ்விடத்திற்கும் காவல் வேண்டும்.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது, கடலுக்கும் காட்டுக்கும் இடையே மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்னும் ஊர் பேரழிவுக்கு உள்ளானது. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெரும்பாலும் தப்பின. தொலைவும் நிலத்தின் உயரமும் இதற்குக் காரணமாயின என்று சில ஆய்வாளர் கூறுவது உண்மையே. ஆயினும் மரங்கள் அலையின் வேகத்தைத் தணித்ததை ஊரார் கண்ணால் கண்டனர். அதன் பின்னர் கன்று நடும் பணிக்குக் கடலோர மாவட்டங்கள் முழுவதும் ஆதரவு பெருகியது. அன்று நட்டவற்றுள் இன்று மரமாக நிற்பவை பெரும்பாலும், நீர் வந்துபோகும் வாய்க்கால் தூராமல் காக்கப்பட்ட இடங்களில் உள்ளவை. ஐப்பசி மழைக்கு முன்னர் வாய்க்கால் வாயைத் திறந்து வைத்தால், கொள்ளிடத்தில் வெள்ளம் வரும் சில வாரங்களில் உட்புகும் நன்னீர், கோடையில் ஏறிய உப்பைக் கழுவிக் கடலுக்குக் கொண்டு செல்லும். அந்தச் சில வாரங்களுக்காகத்தான் ஆவணியிலும் புரட்டாசியிலும் ஆட்கள் சேற்றில் இறங்க வேண்டியிருக்கிறது.