வாளிக்குள் ஒரு கோடு

புனே துளசி பாக் கடைத்தெருவில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அங்கிருந்து நடந்தே போகக்கூடிய அப்பா பல்வந்த் சவுக்கில், புத்தகக் கடைகளுக்கு நடுவே, பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் கோணமானி. கொத்தனார் கையில் இருக்கும் தூக்குக் குண்டு ஒன்று. இவ்வளவு போதும், உள்காதின் கோளாறை, சில சமயம் மூளைத்தண்டில் ரத்த ஓட்டம் தடைப்பட்டிருப்பதைக்கூடக் கோடிகாட்டும் கருவி தயார்.

வாளி அடியின் உட்புறம் ஒரு நேர்கோடு வரைவார்கள். வெளிப்புறம் கோணமானி ஒட்டி, அதன் மையத்திலிருந்து தூக்கு நூலைத் தொங்கவிடுவார்கள். உள்ளே கோடு செங்குத்தாக நிற்கும்போது நூல் பூஜ்யத்தில் நிற்கும். நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்து வாளிக்குள் பார்க்க வேண்டும். கதவு, சன்னல், சுவர்மூலை என்று கண்ணுக்குத் துணைசெய்யும் எதையும் விளிம்பு காட்டாது. மருத்துவர் வாளியைச் சாய்த்துவிட்டு மெல்லத் திருப்பிக்கொண்டு வருவார். கோடு நேராகிவிட்டதாகத் தோன்றும் கணத்தில் நோயாளி ‘போதும்’ என்பார். நூல் காட்டும் டிகிரியைக் குறித்துக்கொண்டு, பத்து முறை செய்து சராசரி எடுப்பார்கள். ஜெர்மனியின் மியூனிக் நகர நரம்பியல் மருத்துவர்கள் 2009இல் வெளியிட்ட முறை இது. இருட்டறையும் ஒளிரும் கோடும் கொண்ட விலை உயர்ந்த கருவிகள் செய்கிற வேலையை வாளியும் செய்துவிடுகிறது.

காது நலமாக இருப்பவர்களின் பிழை பொதுவாக இரண்டரை டிகிரியைத் தாண்டாது. ஒரு பக்கத்துச் சமநிலை நரம்பில் திடீர் அழற்சி வந்தவருக்கோ ஐந்து, பத்து டிகிரிகூடப் பிசகும். சாய்வு பெரும்பாலும் பாதிக்கப்பட்ட காதின் பக்கமாகவே இருக்கும். விசேஷம் என்னவென்றால், சாய்ந்த கோட்டைப் பார்த்து ‘நேராகத்தானே இருக்கிறது’ என்று அவர் சத்தியம் செய்வார்.

உள்காதில் அரைவட்டக் குழல்கள் மூன்றும் தலை சுழல்வதை உணர்பவை. அவற்றை அடுத்து இரண்டு சிறு பைகள் உண்டு. பைகளுக்குள் கூழ்போன்ற படலத்தின்மேல் கால்சியம் கார்பனேட் படிகங்கள் பதிந்திருக்கின்றன. முட்டை ஓட்டில் இருக்கும் அதே பொருள். தலை சாய்ந்தால் படிகங்கள் தம் எடையால் நழுவும், அடியிலுள்ள மயிர்செல்கள் வளையும், செய்தி மூளைக்குப் போகும். தலை அசையாதபோதும் இரண்டு காதுகளும் சமமாகச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒன்று அடங்கிப்போனால் தலை அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டதாக மூளை கணக்கிடும். கண்விழிகளும் அந்தப் பக்கமாகச் சற்றே சுழன்றுவிடும்.

காதிலிருந்து இந்தச் செய்தி போகும் பாதை, மூளைத்தண்டில் ஏறும் வழியில் ஒருபுறமிருந்து மறுபுறம் கடக்கிறது. கடக்கும் இடத்துக்குக் கீழே பாதிப்பு என்றால் கோடு அதே பக்கம் சாயும், மேலே என்றால் எதிர்ப்பக்கம். 1990களில் தாமஸ் பிராண்ட், மரியான் டீட்டெரிக் இருவரும் நோயாளிகளை ஆராய்ந்து இதை விளக்கினர். ஆனால் கோளாறு காதிலா மூளையிலா என்று வாளி மட்டும் தீர்ப்புச் சொல்லாது. தலைசுற்றலோடு இரட்டைப் பார்வை, நாக்குழறல், கைகால் தளர்ச்சி இருந்தால் வாளியைத் தேடாமல் அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும்.

நோயில்லாதவர்களையும் மூளையின் இந்தக் கணக்கு ஏமாற்றும். இருட்டறையில் ஒளிக்கோடு ஒன்றைப் பார்த்தபடி தலையைத் தோளை நோக்கி நன்றாகச் சாய்த்தால், கோடு எதிர்ப்புறம் சாய்வதுபோலத் தெரியும் என்று ஜெர்மானியர் ஹெர்மன் ஆபர்ட் 1861இலேயே எழுதினார்.

விமானத்திலோ காதை நம்பவே முடியாது. 1978 ஜனவரி 1 இரவு. மும்பையிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியாவின் ‘எம்பரர் அசோகா’ என்ற போயிங் 747, கடலுக்குமேல் சென்றதும் வலப்புறம் லேசாகத் திரும்பி மீண்டும் நேரானது. தலைமை விமானியின் சாய்வுகாட்டும் கருவி பழுதாகி, இன்னும் வலப்புறம் சாய்ந்திருப்பதாகவே காட்டியது. அவர் இடப்புறம் திருப்பிக்கொண்டே போனார். வெளியே இருட்டு, தொடுவானம் இல்லை. விமானம் சீராகத் திரும்பும்போது எடை இருக்கையை நோக்கியே அழுத்தும் என்பதால் உள்காதும் எச்சரிக்காது. கிளம்பிய இரண்டு நிமிடத்துக்குள் விமானம் அரபிக்கடலில் விழுந்து, அதிலிருந்த 213 பேரும் இறந்தனர்.

மீண்டும் வாளிக்கு வருவோம். நரம்பழற்சி வந்தவர்களின் கோடு சில வாரங்களில், மாதங்களில் நேராகிவிடும். காது நரம்பு தேறியிருக்க வேண்டும் என்பதில்லை. மற்றொரு காதை வைத்தே மூளை கணக்கைத் திருத்திக்கொண்டிருக்கலாம். ஆகவே நாட்பட்ட கிறுகிறுப்போடு வருபவரின் நூல் பூஜ்யத்தில் நின்றாலும் மருத்துவர்கள் அத்தோடு விடுவதில்லை. தலையைச் சட்டெனத் திருப்பிக் கண்ணைக் கவனிக்கும் சோதனை, காதில் வெதுவெதுப்பான நீரும் குளிர்ந்த நீரும் விடும் சோதனை என்று தொடர்கிறார்கள்.