மலையில்லா மண்ணின் நடைவழிகள்

கண்டி ஹந்தானையில் ஆரம்பித்து ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல ஆகிய பிரதேசங்களூடாகச் சென்று நுவரெலியாவில் முடிவடையும் ‘பீக்கோ ட்ரெயில்’ என்ற நடைவழி இன்று உலகப் பயணிகளால் பெரிதும் பேசப்படுகின்றது. 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளமுடைய அவ்வழி 22 கட்டங்களாக வகுக்கப்பட்டுள்ளது. தேயிலையைக் கொண்டுசெல்வதற்காக ஆங்கிலேயர் காலத்தில் அமைக்கப்பட்ட தோட்டப் பாதைகளே அதில் பெரும்பாலும் ஒன்றிணைக்கப்பட்டன. தோட்டத் தொழிலாளரின் கால்கள் தலைமுறை தலைமுறையாக மிதித்த பாதைக்கு இன்று ஒரு பெயரும் வரைபடமும் கிடைத்துள்ளன.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையும் இல்லை, மலையிடுக்குப் பள்ளத்தாக்கும் இல்லை. ஆகவே நடைப்பயணத்துக்கு இங்கு என்ன இருக்கின்றது என்ற கேள்வி எழுவது இயல்பே. ஆனால் நடைவழியை உருவாக்குவது உயரம் மட்டுமன்று. மனிதர் நெடுங்காலம் நடந்த பாதையும், அதன் இருமருங்கிலும் காண்பதற்கும் அறிவதற்கும் உரியவையும் இருத்தல் வேண்டும். அவ்விரண்டும் குடாநாட்டில் நிறையவே உள்ளன.

முதலில் நிலத்தை நோக்குவோம். குடாநாடு சுண்ணாம்புக்கற் பாறையின் மேல் அமைந்தது. மழைநீர் மண்ணினூடாக இறங்கும்போது மென்மையான அமிலத் தன்மை பெற்று, சுண்ணாம்புக் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றது. பல்லாயிரம் ஆண்டுகளில் பாறையினுள்ளே வெடிப்புகளும் குகைகளும் தோன்றுகின்றன. குகையின் கூரை இடிந்து வீழுமிடத்தில் ஆழ்ந்த நீர்நிலை வெளிப்படுகின்றது. புத்தூர்ப் பகுதியிலுள்ள நிலாவரைக் கிணறு இவ்வாறு அமைந்ததே. அதன் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் உள்ளன. கீரிமலையில் கடலின் விளிம்பிலேயே நன்னீர் ஊற்றெடுப்பதற்கும் நிலத்தடி நீரின் இவ்வோட்டமே காரணம். பிற நாடுகளில் நதி மலையை அறுத்துப் பள்ளத்தாக்கை ஆக்கிற்று. இங்கு மழை நிலத்தின் உள்ளே அதே வேலையைச் செய்துள்ளது. நிலாவரையிலிருந்து சுன்னாகம், தெல்லிப்பழை ஊடாகக் கீரிமலை வரை செல்வது ஒரு பகற்பொழுதில் நடந்து முடிக்கத்தக்க பயணம். தோட்டச் செம்மண்ணையும் பனந்தோப்புகளையும் கடந்து செல்லும் மாணவனுக்குப் புவியியற் பாடம் கண்ணெதிரே விரியும்.

இரண்டாவது வழி வடமராட்சி கிழக்கின் கரையோரம். மணற்காட்டின் மணல் மேடுகளும், சவுக்குத் தோப்பும், மணலில் புதையுண்ட பழைய அந்தோனியார் தேவாலயத்தின் இடிபாடுகளும் காண்போரை வியக்க வைப்பவை. தெற்கு நோக்கிச் சென்றால் சுண்டிக்குளம். 1938 ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாகவும் 2015 இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட இப்பகுதியின் நீரேரிக்கு மாரி காலத்தில் வலசைப் பறவைகள் பெருந்திரளாக வந்து சேர்கின்றன.

மூன்றாவது நெடுந்தீவு. குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணத்தின் பின், சாந்து பூசாது பவளக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகளுக்கிடையே நாள் முழுவதும் நடக்கலாம். அந்நியர் ஆட்சிக்காலத்தின் எச்சமாய் அங்கு திரியும் குதிரைகளும், அரேபிய வணிகர் கொண்டுவந்ததாகக் கருதப்படும் பெருக்கு மரமும் இத்தீவு உலகக் கடல்வழிகளோடு கொண்டிருந்த தொடர்புக்குச் சான்றுகளாகும்.

இவை யாவற்றிலும் பழைமையானவை யாத்திரிகர் வழிகள். தொண்டைமானாறு செல்வச் சந்நிதியிலிருந்து புறப்பட்டு முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, உகந்தை ஊடாகக் குமண, யால காடுகளைக் கடந்து கதிர்காமத்தை அடையும் பாதயாத்திரை ஏறத்தாழ ஒன்றரை மாத காலம் நீடிப்பது. அந்தக் கதிர்காமத்தில் முருகன் ஆலயத்தின் அயலிலேயே ஹிழ்ர் நபியின் பெயரோடு தொடர்புடைய பள்ளிவாசலும் உள்ளது.

1344 ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து வந்து இத்தீவில் இறங்கிய மொரோக்கோப் பயணி இப்னு பதூதா, யாழ்ப்பாண அரசனான ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். பாவா ஆதம் மலையைத் தரிசிக்க விரும்புவதாக அவர் கூறியதும், அரசன் பல்லக்கும் வழித்துணையும் அளித்தான். ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகிகள் நால்வரும் பிராமணர் மூவரும் அத்துணையில் இருந்தனர் என்பதைப் பதூதாவின் பயணநூல் தெரிவிக்கின்றது. முஸ்லிம் யாத்திரிகர் ஒருவருக்குச் சைவ அரசன் ஆள் அனுப்பி வழிகாட்டிய அச்சம்பவம், இந்நாட்டின் நடைவழிகள் எவருக்கு உரியவை என்ற வினாவுக்கு வரலாறு தரும் விடையாகும்.

அவ்விடையைப் பிற்காலம் மறந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் தாம் பிறந்த மண்ணைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அதே ஆண்டில் வலிகாமம் வடக்கின் மக்களும் உயர் பாதுகாப்பு வலயத்தால் ஊரிழந்தனர். 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது குடாநாடு முழுவதுமே தரைவழித் தொடர்பற்றுப் போயிற்று. ஏறத்தாழ 35 ஆண்டுகளின் பின் 2025 ஏப்ரல் 10 ஆம் திகதி வசாவிளான்–பலாலி வீதி திறக்கப்பட்டபோது விதிக்கப்பட்ட நிபந்தனைகளில், அவ்வழியே நடந்து செல்லலாகாது என்பதும் ஒன்று. வாகனத்தில் போகலாம், கால்நடையாகப் போகக்கூடாது என்று ஒரு வீதி திறக்கப்படுவதன் பொருளை இம்மண்ணின் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தன் ஊரில் அச்சமின்றி நடக்கும் உரிமையே சுதந்திரத்தின் முதற்படி.

ஆகவே குடாநாட்டின் நடைவழி குறித்துச் சிந்திப்போர் விடுதிகளையும் அலங்கார வளைவுகளையும் பற்றி முதலில் பேச வேண்டியதில்லை. செய்ய வேண்டியவை எளியவை. மணல் மேடுகளை அகழ்வோரிடமிருந்து காப்பது முதற்கடமை. மேடுகள் கடல் அலைக்கு அரணாக நிற்பதோடு, மழைநீரை உள்வாங்கி உப்புநீரின் மேல் நன்னீராகத் தேக்கியும் வைக்கின்றன. மேடு போனால் காட்சி மட்டுமன்று, கிணற்று நீரும் போய்விடும். அடுத்து, தூரத்தையும் குடிநீர் கிடைக்குமிடத்தையும் கூறும் பலகைகள் மும்மொழியிலும் நாட்டப்பட வேண்டும். வழியோர நிழல்மரங்கள் தறிக்கப்படாது பேணப்படல் வேண்டும். கண்ணிவெடி எச்சரிக்கை உள்ள நிலங்களைத் தவிர்த்தே வழிகள் வகுக்கப்படல் வேண்டும். வழிகாட்டிகளாக அவ்வூர் இளைஞர்களே அமைவராயின் வருவாயும் ஊரிலேயே தங்கும்.

நடப்பதற்குத் தக்க காலம் தையும் மாசியும் ஆகும். மாரி மழை ஓய்ந்து, கடும் வெயில் தொடங்குவதற்கு முன்னரான இடைவேளை அது. பாடசாலைகளும் வாசிகசாலைகளும் விளையாட்டுக் கழகங்களும் அரசின் உதவிக்குக் காத்திராமல் ஒரு விடுமுறை நாளில் இதனைத் தொடங்கலாம். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் நிலாவரையிலிருந்து கீரிமலை வரை ஒன்றாக நடப்பார்களாயின், மூத்தோர் இழந்த ஒன்றை அவர்கள் மீட்டெடுப்பர். பயன்படுத்தப்படாத பாதை புதர் மண்டிப் போகும் என்பதை நாம் ஒருமுறை கண்டுவிட்டோம். மறுமுறை காணலாகாது.