கை பழையபடி வருமோ?

பாரிசவாதம் வந்தவரின் கட்டிலருகே நல்லூர்க்காரர் முதலில் கேட்பது உயிரைப் பற்றி. அந்தப் பயம் தெளிந்த மறுநாளே அடுத்த கேள்வி வந்துவிடும்: "கை பழையபடி வருமோ, டொக்டர்?" யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை வாட்டிலும் கேட்பார்கள், கைதடியில் சித்த வைத்தியரிடமும் கேட்பார்கள். "பொறுத்துப் பாப்பம்" என்பதுதான் வழக்கமான பதில். அதில் பொய்யில்லை. ஆனால் கோயில் கொடியேற்றத்துக்குள் அப்பா தானே வேட்டி கட்டுவாரா, கனடாவில் உள்ள மகன் லீவு போட்டு வர வேண்டுமா என்றெல்லாம் அதை வைத்து முடிவெடுக்க முடியாது.

நியூசிலாந்தின் ஒக்லாந்து பல்கலைக்கழகத்தில் கேத்தி ஸ்டினியர் குழுவினர் 2017இல் வெளியிட்ட 'பிரெப் 2' இதற்கு ஒரு விடை தருகிறது. 207 நோயாளரின் தரவைக் கணினி கிளை கிளையாகப் பிரித்துக் கண்ட முடிவு மரம் அது. பாரிசவாதம் வந்து மூன்று நாளுக்குள் தோளைப் பக்கவாட்டில் உயர்த்தும் பலத்துக்கு 5 புள்ளி வரை, விரல்களை நீட்டும் பலத்துக்கு 5 புள்ளி வரை. கூட்டுத்தொகை 5 அல்லது அதற்கு மேல், வயதும் 80க்குக் குறைவு என்றால், மூன்று மாதத்தில் கை மிக நன்றாக வரும் என்பது கணிப்பு. 80ஐ எட்டியவர் அதே கணிப்பைப் பெற 8 புள்ளி வேண்டும். தொகை 5க்குக் குறைந்தவர்களுக்கே, ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, காந்தத் துடிப்புக் கருவி தேவை; மூளையின் கட்டளை கைக்குப் போய்ச் சேர்கிறதா என்று அது சொல்லும். முந்தைய வடிவத்துக்கு எம்.ஆர்.ஐ.யும் வேண்டியிருந்தது; அதை நீக்கியும் துல்லியம் குறையவில்லை.

நாலு கணிப்பில் மூன்று சரி. பெரிய கணினி மாதிரி ஒன்று இதைவிடக் கொஞ்சம் கூடுதல் சரியாகக் கணிக்கலாம். ஆனாலும் என் வாக்கு மரத்துக்கே; அதன் காரணத்தை வாசித்துப் பார்க்கலாம். அமெரிக்காவில் நிமோனியா நோயாளரின் மரண அபாயத்தைக் கணிக்க முனைந்தபோது, ஆஸ்துமா உள்ளவருக்கு அபாயம் குறைவு என்று தரவிலிருந்து ஒரு விதி கிளம்பியது. அவர்களை நேரே தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனதால்தான் பிழைத்தார்கள்! விதி வாசிக்கக்கூடியதாக இருந்ததால் மருத்துவர்கள் பிடித்துவிட்டார்கள். அதே தரவில் பழகிய, உள்ளே என்ன நடக்கிறதென்று காட்டாத மாதிரிதான் கூடுதல் துல்லியம் காட்டியது; அதை ஒதுக்கிவிட்டார்கள். ரிச் கருவானா 2015இல் இந்தக் கதையை விரிவாக எழுதினார்.

காரணம் தெரிந்த கணிப்பு வேலையையும் மாற்றுகிறது. ஒக்லாந்தில் கணிப்பைக் கையில் வாங்கிய இயன்மருத்துவர்கள், வரக்கூடிய கைக்குப் பயிற்சியைக் கூட்டினார்கள், வராத கைக்கு மற்றக் கையால் சமாளிக்கப் பழக்கினார்கள். வைத்தியசாலையில் தங்கும் நாட்கள் 17இலிருந்து 11ஆகக் குறைந்தன. கையின் தேறுதல் குன்றவில்லை.

ஒக்லாந்தின் 80 வயதுக் கோடு இங்கேயும் 80இல்தான் விழும் என்று எண்ணிவிடக்கூடாது. நீரிழிவு, தாமதமாக வந்து சேர்தல், வீட்டில் யார் பயிற்சி செய்விப்பது என்பதெல்லாம் கோட்டை நகர்த்தலாம். அதைப் பார்க்க மூன்றாம் நாள் புள்ளி எழுதப்பட்டிருக்க வேண்டும், மூன்றாம் மாதக் கையும் எழுதப்பட வேண்டும். முதலாவதற்கு இரண்டு நிமிடமும் ஒரு பேனாவும் போதும். இரண்டாவதுதான் சிக்கல்: பயிற்சிக்கு வராமல் நின்றுவிட்டவரும் பிரஷர் குளிசைக்கு கிளினிக் வருவார், ஆனால் அங்கே யாரும் அவர் கையைத் தூக்கச் சொல்வதில்லை.