புகார் கொடுத்த பிள்ளைக்கு யார் காவல்?

2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் ஒரு தலித் குடும்பத்தின் வீட்டுக்குள் அரிவாளோடு சிலர் புகுந்தார்கள். பிளஸ் 2 படித்துக்கொண்டிருந்த மாணவரை வெட்டினார்கள். தடுக்க ஓடிவந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதிர்ச்சியில் உறவினர் ஒருவர் மயங்கி விழுந்து இறந்துபோனார். பிடிபட்டவர்களில் அந்த மாணவருடன் ஒரே பள்ளியில் படித்த, 18 வயது நிரம்பாத மாணவர்களும் இருந்தார்கள்.

அன்று இரவு நடந்தது நாடு முழுக்கத் தெரியும். அன்று பகலில் நடந்ததை நாம் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். வள்ளியூரில் உள்ள பள்ளிக்குப் போய்வந்த அந்த மாணவர் சில நாட்களாகப் பள்ளிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று பள்ளியில் விசாரித்தபோதுதான், ஆதிக்கச் சாதி மாணவர்கள் சிலர் தொடர்ந்து தொல்லை கொடுப்பது வெளியே வந்தது. பள்ளியில் புகார் தரப்பட்டது. அன்றிரவே வீடு தேடி வந்து வெட்டினார்கள்.

‘புகார் கொடுக்காமலே இருந்திருக்கலாம்’ என்று சொல்பவர்கள் நம் தெருவிலும் உண்டு. அது தவறான பாடம். புகார் கொடுத்த நேரத்துக்கும் அரிவாள் வந்த நேரத்துக்கும் நடுவே சில மணி நேரம் இருந்தது. அந்த நேரத்தில் ஒரு பிள்ளையைக் காப்பாற்ற ஒவ்வொரு பள்ளியிலும் என்ன ஏற்பாடு இருக்கிறது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

‘பசங்க சண்டை’யா?

பள்ளிக்கூடத்துச் சாதி வன்முறை அரிவாளில் தொடங்குவதில்லை. ‘டேய், கடைக்குப் போய் வாங்கிட்டு வாடா’ என்று ஒருவன் ஏவுகிறான். பஸ்ஸுக்கு வைத்திருந்த காசைப் பிடுங்குகிறான். பெயருக்குப் பதிலாகத் தெருவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். நல்ல சட்டை போட்டுவந்தால் கேலி, நன்றாகப் படித்தால் முறைப்பு, விளையாட்டில் ஜெயித்தால் மிரட்டல். இத்தனையும் ஆசிரியர் கண்ணில் படும். ‘பசங்க சண்டைதானே, நாளைக்குச் சேர்ந்துக்குவாங்க’ என்று விட்டுவிடுவார்கள்.

பிள்ளைகளுக்குள் சண்டை வருவது இயல்பு. இன்று அடித்தவன் நாளை அடி வாங்குவான், மறுநாள் ஒன்றாக விளையாடுவார்கள். ஆனால் ஒரே பிள்ளை, ஒரே காரணத்துக்காக, திரும்பத் திரும்ப அவமானப்படுத்தப்பட்டால், திருப்பிப் பேசினால் ஊரே வரும் என்ற பயத்தில் அவன் வாய் மூடிக்கிடந்தால், அதைச் சண்டை என்று சொல்ல முடியாது. அது ஒடுக்குமுறை.

கையில் கட்டும் கலர் கயிறும் அப்படித்தான். எந்தச் சாதிக்கு எந்த நிறம் என்று ஆறாம் வகுப்புப் பையனுக்கே தெரிகிறது. 2019இல் பள்ளிக் கல்வித் துறை இந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு வந்ததும் அன்றைய அமைச்சரே அதிலிருந்து பின்வாங்கினார். 2022 ஏப்ரலில் நெல்லை மாவட்டம் பள்ளக்கால் பொதுக்குடி அரசு மேல்நிலைப் பள்ளியில் கயிறு தொடர்பாக எழுந்த மோதலில் தாக்கப்பட்ட பிளஸ் 2 மாணவர் உயிரிழந்தார்.

சந்துரு அறிக்கை சொன்னது

நாங்குநேரிக்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவைத் தமிழக அரசு அமைத்தது. 2024 ஜூன் மாதம் அவர் அறிக்கையை முதல்வரிடம் கொடுத்தார். கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு என்று சாதியைக் காட்டும் அடையாளங்கள் பள்ளியில் கூடாது. பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயர் நீங்க வேண்டும். வகுப்பில் அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது. உதவித்தொகை விஷயத்தை வகுப்பில் எல்லோர் முன்பும் பேசாமல் தலைமையாசிரியர் அறையில் தனியாகச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் உண்டு.

கடைசியாகச் சொன்ன அந்த ஒன்றை நம் பிள்ளைகளைக் கேட்டால் புரியும். ‘எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்திருங்க’ என்ற ஒரே வாக்கியத்தில், அதுவரை தெரியாதவனுக்கும் தெரிந்துவிடுகிறது. உரிமைத் தொகை வாங்கப் போகும் பிள்ளை தலைகுனிந்து எழுந்திருக்கிறது.

500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும், ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வாரம் ஒரு பாடவேளை அறநெறிக்கு ஒதுக்க வேண்டும், தலைமையாசிரியர்களையும் ஆசிரியர்களையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும் என்பதும் பரிந்துரைகளே. அரசு முழுதாக ஏற்கும்வரை காத்திருக்கத் தேவையில்லாதவை இவற்றில் பல. அகர வரிசைப்படி உட்காரவைக்க ஒரு தலைமையாசிரியருக்கு எந்த அரசாணையும் வேண்டாம்.

முதல் 24 மணி நேரம்

ஒரு பிள்ளை வாய்திறந்து சொல்லிவிட்டால், அந்த நிமிடத்திலிருந்து அதற்கு ஆபத்து கூடுகிறது. பள்ளிகள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் நடப்பது என்ன? புகார் சொன்னவனையும் சொல்லப்பட்டவனையும் ஒரே அறையில் நிற்கவைத்து, ‘கை குடுத்துக்கோங்கடா’ என்கிறார்கள். யார் சொன்னது என்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடுகிறது. பிறகு இருவரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறார்கள்.

செய்ய வேண்டியது வேறு. புகார் சொன்ன பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துப் பேச வேண்டும். சொன்னதை எழுதி, தேதி போட்டு, பெற்றோருக்கு ஒரு நகல் கொடுக்க வேண்டும். இரு தரப்புப் பெற்றோரையும் வேறு வேறு நேரத்தில் அழைக்க வேண்டும். அடிப்போம், வெட்டுவோம் என்ற மிரட்டல் இருந்தால் அன்றே காவல் நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும். அந்தப் பிள்ளை அன்று மாலை யாரோடு, எந்த வழியில் வீடு போகிறது என்பதைப் பள்ளி தெரிந்துவைத்திருக்க வேண்டும். மறுநாள் காலை வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. பொறுப்பு ஒன்றுதான் வேண்டும்.

பள்ளி வாசலோடு இந்தப் பொறுப்பு முடிவதும் இல்லை. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் பகுதியில், தேர்வு எழுதப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பிளஸ் 1 தலித் மாணவர் கீழே இழுத்துப் போடப்பட்டு வெட்டப்பட்டார். கை விரல்கள் துண்டாயின. நம் பிள்ளைகள் அதிகம் பயப்படும் இடங்கள் பஸ் நிறுத்தமும், பஸ்ஸின் பின்பக்கமும், பள்ளியிலிருந்து தெருவுக்கு வரும் ஆளில்லாத பாதையும்தான்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

பிள்ளைகள் எல்லாவற்றையும் சொல்ல மாட்டார்கள். ‘அப்பா போய்க் கேட்டால் அப்பாவையும் அடிப்பார்கள்’ என்று பயந்து மறைப்பார்கள். திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்றுவலி, கேட்காமல் எடுக்கப்படும் காசு, கிழிந்த சட்டை, அடிக்கடி தொலையும் பேனா, வழக்கமான பஸ்ஸை விட்டு வேறு பஸ்ஸில் வருவது, திடீரென்று ‘படிப்பு வேண்டாம், வேலைக்குப் போறேன்’ என்பது ஆகியவை அடையாளங்கள். திட்டாமல் உட்காரவைத்துக் கேளுங்கள். காரணம் தெரியாத விடுப்பைப் பிள்ளையின் முதல் புகாராக எடுத்துக்கொள்ளலாம்.

‘டி.சி. வாங்கிக்கிட்டு வேற பள்ளிக்கூடத்துல சேர்த்துக்கோங்க’ என்று யாராவது யோசனை சொன்னால் அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள். தொல்லை கொடுத்தவன் அதே பெஞ்சில் இருக்க, தொல்லைப்பட்டவன் ஊர் மாறிப் போவது எப்படி நியாயம்? நாங்குநேரி மாணவர் சிகிச்சைக்கு நடுவே, சொல்வதை இன்னொருவர் எழுத, தேர்வு எழுதி 600க்கு 469 மதிப்பெண் எடுத்தார். வெட்டுப்பட்ட பிறகும் படிப்பை விடாத பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். பாதுகாப்பான வகுப்பறையை அவர்களுக்குக் கொடுக்காததுதான் குறை.

சட்டம் கையில் இருக்கிறது

சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினாலோ தாக்கினாலோ 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும். ஆரம்ப விசாரணை நடத்திவிட்டுத்தான் வழக்குப் பதிவோம் என்று காவல் நிலையத்தில் சொல்ல முடியாது. 2018 திருத்தம் அதை நீக்கிவிட்டது. டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் புலன்விசாரணை செய்ய வேண்டும். 2015 திருத்தத்தில் சேர்ந்த 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் மிரட்டலிலிருந்து பாதுகாப்புக் கேட்கும் உரிமையைத் தருகிறது. புகார் கொடுக்கும்போதே அந்தப் பாதுகாப்பையும் எழுத்தில் கேளுங்கள்.

உதவிக்கு 24 மணி நேரமும் இயங்கும் குழந்தைகள் உதவி எண் 1098. பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417. வன்கொடுமைப் புகாருக்கு 14566. மாணவர்கள் இந்த மூன்று எண்களையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளலாம்.

கூர்நோக்கு இல்லத்துக்குப் போன பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர்களும் படிப்பை இழந்தார்கள். அவர்கள் கையில் கயிறு கட்டிவிட்டவர்களும், ‘நம்ம சாதிக்காரன் பணிஞ்சு போகலாமா’ என்று உசுப்பியவர்களும் வெளியே நிம்மதியாக இருக்கிறார்கள். தண்டனை மட்டும் இதை மாற்றாது. தங்கள் பிள்ளையை அடியாளாக்க வேண்டாம் என்று அந்தத் தெருப் பெற்றோரும் பேச வேண்டும். தாக்கும் கூட்டத்தில் சேர மறுக்கும் ஒரு மாணவன், தாக்கப்படுபவனின் பக்கத்தில் போய் உட்காரும் ஒரு மாணவி, இவர்களைப் பள்ளி பாராட்ட வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். ஒடுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் அதில் இடம் உண்டு. அடுத்த கூட்டத்துக்குப் போகும் தாய்மார்கள் மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவையுங்கள். பிள்ளைகள் யாரிடம் புகார் சொல்ல வேண்டும்? சொன்ன பிள்ளையை அன்று மாலை வீடுவரை யார் பார்த்துக்கொள்வார்கள்? கடந்த மாதம் காரணம் சொல்லாமல் வராமல் போன பிள்ளைகளை யார் போய்ப் பார்த்தார்கள்?