ஒலிப்பதிவறையிற் பிணக்குத் தீர்த்தல்

வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்து ஓர் இசைத்தட்டைக் கேட்கும் நேயருக்குப் பாடியவரின் பெயர் தெரியும். இசையமைத்தவரின் பெயரும் சில வேளைகளிற் காதில் விழும். அப்பாட்டைப் பதிவு செய்தவர் யாவர் என்பதை அறிவிப்பாளர் சொல்வதுமில்லை, நேயர் வினவுவதுமில்லை. கலையகத்திற்கும் கட்டுப்பாட்டறைக்கும் இடையே நிற்கும் கண்ணாடிக்குப் பின்னால் அவர் மறைந்திருக்கிறார். அவருடைய தொழிலிற் பாதி கருவிகளோடு பழகுவது. மறுபாதி மனிதரோடு பழகுவது. பின்னதே கடினமானது. அதிலும் இதற்குமுன் கலையகத்தையே கண்டிராத இளங்குழுவொன்று வந்து நிற்குமாயின், அவருடைய பொறுமைக்கு அது பெருஞ்சோதனையாகும்.

புதிய குழுவினர் பிணங்குவதற்குக் காரணம் உண்டு. அவர்கள் மேடையிற் பழகியவர்கள். மேடையிலே சபையோரின் ஆரவாரம் தாளத்தின் தளர்வை மூடிவிடும். மின்பெருக்கியின் இரைச்சலையும் விழுங்கிவிடும். ஒலிவாங்கியோ எதனையும் மூடுவதில்லை. மூச்சு வாங்கும் ஓசையையும் அது விடாது பிடித்துக்கொள்ளும். அன்றியும், ஒவ்வொருவருக்கும் தம் வாத்தியமே ஓங்கி ஒலிக்க வேண்டும் என்ற ஆசை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா? இந்நிலையில் அந்நியர் ஒருவர் வந்து குறை கூறினால், அது குற்றச்சாட்டாகவே செவியில் விழும். அதிகாரத்தால் அடக்கினால் பாட்டில் உயிர் இராது. எல்லாவற்றுக்கும் இணங்கினாற் பதிவு கெடும். இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு வழி உண்டு என்பதற்கு, 1962ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் நடந்தவை நல்ல சான்றாகும்.

அவ்வாண்டு ஜூன் மாதம் 6ஆம் திகதி, லிவர்ப்பூலிலிருந்து நான்கு இளைஞர் அபி வீதியிலுள்ள ஈ.எம்.ஐ. கலையகத்திற்கு வந்தனர். அவர்களே பின்னாளில் உலகெங்கும் அறியப்பட்ட பீற்றில்ஸ் குழுவினர். அன்றோ அங்கு அவர்களை அறிந்தார் இலர். அக்கலையகத்தில் வேலைகள் பங்கிடப்பட்டிருந்தன. எந்தப் பாட்டு, எந்த முறையில் என்று முடிவு செய்பவர் தயாரிப்பாளர். ஒலிவாங்கிகளை நிறுத்தி ஒலிகளைச் சமன்செய்பவர் ஒலிச்சமனாளர். தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டின், சங்கீதக் கல்லூரியில் முறையாகப் பயின்றவர். பார்லோபோன் இசைத்தட்டுப் பிரிவின் தலைவர். ஒலிச்சமனாளர் நோர்மன் ஸ்மித்.

தொல்லை தொடக்கத்திலேயே நேர்ந்தது. இளைஞர் கொண்டுவந்த மின்பெருக்கிகள் பதிவுக்கு உதவாதவை. போல் மக்கார்ட்னியின் பேஸ் கிற்றார் இரைச்சலோடு உறுமியது; ஜோன் லெனனின் பெருக்கியில் ஏதோ கலகலவென்று ஆடியது. இத்தகைய பொருள்களுடன் வந்தவர்களை வாசலோடு திருப்பியனுப்பியிருக்கலாம். ஸ்மித் அவ்வாறு செய்யவில்லை. கென் டவுன்சென்ட் என்னும் தொழில்நுட்பவியலாளருடன் சேர்ந்து, நிலவறையில் இருந்த எதிரொலிக் கூடத்திலிருந்து பெரிய ஒலிபெருக்கி ஒன்றைக் கொணர்ந்து பேஸ் கிற்றாருக்குப் பொருத்தினார். ஆடிக்கொண்டிருந்த பெருக்கியைக் கயிற்றாற் கட்டினர். ஒரு சொல்லும் கடிந்து சொல்லாமலே முதற் பிணக்கு தீர்ந்தது. கருவியின் குறையை மனிதர்மேற் சுமத்தலாகாது என்பது இத்தொழிலின் முதற் பாடம்.

பதிவு முடிந்தபின் இளைஞர் கட்டுப்பாட்டறைக்கு அழைக்கப்பட்டனர். நாடா ஓடியது, தம் குரலைத் தாமே கேட்டனர். பின்னர் மார்ட்டின், தேர்ந்த கலைஞர்களாக வேண்டுமாயின் அவர்கள் திருத்திக்கொள்ள வேண்டியவற்றை நெடுநேரம் எடுத்துரைத்தார். நால்வரும் வாய்திறவாது நின்றனர். ஈற்றில், தங்களுக்குப் பிடிக்காதது ஏதேனும் உண்டோ என்று அவரே வினவினார். ஜோர்ஜ் ஹரிசன் அவரை ஏற இறங்கப் பார்த்து, அவருடைய கழுத்துப்பட்டி தமக்குப் பிடிக்கவில்லை என்றார். அறை முழுவதும் சிரிப்பு எழுந்தது. குறை கூறிய பெரியவர் தம்மீதும் குறை கூற இடங்கொடுத்தார். இளையவர் அவ்விடத்தை நகைச்சுவையால் நிரப்பினார். இறுக்கம் தளர்ந்தது.

இரண்டாவது பிணக்கு சுவையைப் பற்றியது. செப்டெம்பர் 4ஆம் திகதி, மிற்ச் மரே என்பவர் இயற்றிய பாட்டொன்றை மார்ட்டின் அவர்களிடம் கொடுத்தார். அது நிச்சயம் விலைபோகும் என்பது அவர் மதிப்பு. இளைஞருக்கோ தாமே எழுதிய பாட்டுகளைப் பாடவே விருப்பம். அதற்கு நிகரான பாட்டொன்றை எழுதி வந்தால் அதனைப் பதிவு செய்யலாம் என்பதே மார்ட்டினின் மறுமொழியாயிருந்தது. அவர்கள் மனமின்றியே பாடினர். ஆயினும் அதே நாளில் அவர்களுடைய சொந்தப் பாட்டாகிய ‘லவ் மீ டூ’வும் பதிவாயிற்று, ஒக்டோபர் மாதத்தில் இசைத்தட்டாக வெளிவந்ததும் அதுவே. மார்ட்டினின் மதிப்பும் பிழையன்று. 1963இல் வேறொரு லிவர்ப்பூல் குழு மரேயின் பாட்டைப் பாடிப் பிரித்தானியாவில் முதலிடம் பெற்றது. சந்தையைப் பற்றித் தயாரிப்பாளர் கூறியது சரி. தம் வழியைப் பற்றி இளைஞர் கூறியதும் சரி. சுவை வேறுபடும்போது இரு சாராரும் சரியாயிருத்தல் கூடும்.

மூன்றாவது பிணக்கே கொடியது. அது கருவியையோ பாட்டையோ பற்றியதன்று. ஓர் ஆளைப் பற்றியது. ஜூன் மாதப் பதிவைக் கேட்ட மார்ட்டின், டிரம் வாசித்த பீற் பெஸ்டின் தாளம் பதிவுக்குப் போதாது என்று கண்டார். மேடையில் அவர் வாசிப்பதைத் தாம் தடுக்கவில்லை என்றும், கலையகத்திற்கு வேறொருவரைத் தாமே அழைப்பதாகவும் குழுவின் முகாமையாளரிடம் கூறினார். மற்றைய மூவர் மனத்திலோ மாற்றம் பற்றிய எண்ணம் முன்னரே இருந்தது. ஓகஸ்ட் 16ஆம் திகதி, இரண்டாண்டுகள் உடனிருந்த பெஸ்ட் விலக்கப்பட்டார். செய்தியைச் சொன்னவர் முகாமையாளரே; தோழர் மூவரும் நேரில் வரவில்லை. தொழில் நோக்கிற் சொல்லப்பட்ட ஒரு கருத்து, கட்டுப்பாட்டறைக்கு வெளியே சென்றதும் ஓர் இளைஞனின் வாழ்வையே மாற்றிவிட்டது.

அவருக்குப் பதிலாக வந்த றிங்கோ ஸ்டாரும் தப்பவில்லை. செப்டெம்பர் 11ஆம் திகதி அவர் கலையகத்தினுள் நுழைந்தபோது, அன்டி வைற் என்னும் கூலிக் கலைஞர் டிரம்மின் முன் அமர்ந்திருந்தார். றிங்கோவின் கையில் ஒரு கஞ்சிரா போன்ற சிறு வாத்தியம் கொடுக்கப்பட்டது. அந்த அவமானம் அவர் நெஞ்சில் நெடுங்காலம் நின்றது. மார்ட்டின் பிற்காலத்தில் அதற்காக அவரிடம் வருத்தம் தெரிவித்ததும் உண்டு. முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவ்வடு இவ்வளவு ஆழமாயிராது.

இவ்வளவு உரசலுக்குப் பின்னும் நம்பிக்கை வளர்ந்தது எவ்வாறு? ‘பிளீஸ் பிளீஸ் மீ’ என்னும் பாட்டை இளைஞர் முதலிற் கொண்டுவந்தபோது அது மந்த கதியில் இருந்தது. கதியை விரைவாக்கினால் நன்றாயிருக்கும் என்று மார்ட்டின் யோசனை கூறினார். இம்முறை அவர்கள் வாதாடவில்லை, செய்து பார்த்தனர். நவம்பர் 26ஆம் திகதி அது பதிவாகி முடிந்ததும், அவர்களுடைய முதலாவது முதலிடப் பாட்டு அதுவே என்று கட்டுப்பாட்டறையிலிருந்து மார்ட்டின் அறிவித்தார். 1963இன் தொடக்கத்தில், விற்பனைப் பட்டியல்கள் பலவற்றில் அச்சொல் மெய்யாயிற்று.

அதன் பயனை 1963 பெப்ரவரி 11ஆம் திகதி காணலாம். அன்று ஒரே நாளிற் பத்துப் பாட்டுகள் பதிவாயின. ஸ்மித், குழுவினரைத் தடுப்புகளாற் பிரிக்காமல், மேடையில் நிற்பதுபோல் அருகருகே நிற்கச் செய்து, அவர்களுக்குப் பழகிய ஒலியையே பிடிக்க முயன்றார். லெனனுக்கு அன்று தடிமன், தொண்டை நலிந்திருந்தது. கத்திப் பாடவேண்டிய ‘ட்விஸ்ட் அன்ட் ஷவுட்’ தொண்டையைக் கிழித்துவிடும் என்பதால், அது கடைசிக்கு ஒதுக்கப்பட்டது. இரவில், ஒரே முறையில் அது அமைந்தது. மறுமுறை முயன்றபோது அவரிடம் குரல் இல்லை. பாடகரின் வலுவின்மையை அறிந்து வேலையை ஒழுங்கு செய்வதும் பிணக்கு வராமற் காக்கும் வழியேயாம்.

இந்நிகழ்ச்சிகளை ஒருங்கே நோக்கினால், ஒலிப்பதிவாளருக்கு வேண்டிய அறிவு யாதென்பது புலனாகும். கருவியிற் குறையிருந்தால் அவர் கைகளாற் பேசவேண்டும். சுவையிற் பேதமிருந்தால் இரண்டையும் பதிவு செய்து, நாடாவையே நடுவராக வைக்கவேண்டும். வாதத்திற்கு அடங்காத இளைஞரும் தம் செவிக்கு அடங்குவர். ஆளைப் பற்றிய குறையாயின், அதனை உரியவரிடம், உரிய வேளையில், முகம் பார்த்துச் சொல்லவேண்டும். அபி வீதியில் முன்னிரண்டும் செவ்வையாக நடந்தன, மூன்றாவது நடக்கவில்லை. இசைத்தட்டைக் கேட்கும் நேயருக்கு அந்தக் குறை கேட்பதில்லை. அதைச் சுமந்தவர்கள் மட்டும் அறிவார்கள்.