இரத்தப்போக்கும் தாய்மையின் ஏக்கமும்

பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண்ணை மாற்கு நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில் நாம் சந்திக்கிறோம். மருத்துவர் பலரிடம் சென்று, கையிலிருந்த பணத்தையெல்லாம் செலவழித்தும் அவர் நலம் பெறவில்லை. இத்துன்பத்தை வெளியே சொல்லாமல் சுமக்கும் பெண்கள் இன்றும் நம் பங்குகளில் உண்டு. குழந்தைக்காகக் காத்திருப்பவருக்கோ இது இரட்டைச் சுமை.

மாதவிலக்கு 24 முதல் 38 நாள்களுக்கு ஒருமுறை வந்து, 8 நாள்களுக்குள் நிற்பது இயல்பு. அதற்கு மேல் நீடித்தாலோ, இடையில் இரத்தம் பட்டாலோ, கட்டிகட்டியாகப் போனாலோ மருத்துவரைக் காண வேண்டும். முதலில் கர்ப்பப் பரிசோதனை அவசியம். ஏனெனில் கருச்சிதைவும், கருக்குழாயில் தங்கிய கருவும்கூட இரத்தப்போக்காகவே தெரியலாம்.

இரத்தப்போக்கு ஒரு நோயல்ல, அறிகுறி. கருப்பையில் வளரும் பாலிப், ஃபைப்ராய்டு கட்டி, தைராய்டு கோளாறு, இரத்தம் உறைவதில் குறை எனக் காரணங்கள் பல. அரிதாகப் புற்றுநோயும் இருக்கலாம். சினைப்பையில் நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் பிரச்சனை உள்ளவர்களுக்குக் கருமுட்டை மாதந்தோறும் வெளிவருவதில்லை. முட்டை வராதபோது புரோஜெஸ்டிரோன் சுரப்பதில்லை. அதனால் கருப்பையின் உட்சவ்வு தடித்து, ஒழுங்கின்றி உதிர்கிறது. குழந்தை தங்காததற்கும் இதுவே காரணம். மூலத்தைச் சரிசெய்தால் இரண்டுமே சீராக வாய்ப்புண்டு.

எனவே மருத்துவரிடம் முதல் நாளே, "எங்களுக்குக் குழந்தை வேண்டும்" என்று சொல்லிவிட வேண்டும். சிகிச்சையின் வழியே அதனால் மாறுகிறது. ஒழுங்குபடுத்தும் ஹார்மோன் மாத்திரைகள் பல, உட்கொள்ளும் காலத்தில் கருத்தரிப்பைத் தடுக்கும். இரத்தப்போக்கு நாள்களில் மட்டும் தரப்படும் டிரானெக்சாமிக் அமிலம் அப்படித் தடுப்பதில்லை. ஆனால் முன்பு இரத்தக்கட்டு வந்தவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. உள்ளே துருத்தும் பாலிப்பையும் சில கட்டிகளையும், கருப்பையைக் காப்பாற்றியே கருவி வழியாக அகற்றலாம். கருத்தரிக்கும் முன் இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும் தேவை.

"கருப்பையை எடுத்துவிட்டால் தொல்லை தீரும்" என்று யாரேனும் சொன்னால் அவசரப்பட வேண்டாம். காரணம் என்ன, வேறு வழி உண்டா என்று கேட்போம். இன்னொரு மருத்துவரின் கருத்தையும் பெறுவோம். கணவரும் உடன் செல்லட்டும்.

அன்று கூட்டம் நெருக்கியபோதும் ஆண்டவர் நின்றார். அப்பெண் உண்மை முழுவதையும் சொல்லும்வரை கேட்டார். மகள் என்று அழைத்தார். நம் வீட்டுப் பெண்கள் சொல்லத் துணியும்போது, குறை கூறாமல் நாமும் கேட்போமா?